ஒன்பது பாட்டும் ஒரு கத்தரிப் பெட்டியும்

முதலில் சுவர்க் கடிகாரத்தை இறக்கி, அதன் பேட்டரியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தன அந்தக் கைகள். அடுத்தது சாக்பீஸ். டிரம் செட்டின் ஒவ்வொரு காலைச் சுற்றியும் தரையில் ஒரு வட்டம் போட்டன. மைக் ஸ்டாண்டுகளுக்கும் ஸ்பீக்கர் பெட்டிகளின் மூலைகளுக்கும் அதேபோல் ஒரு கோடு, பக்கத்தில் ஓர் எண். டிரம்மின் மிதிகட்டை கிறீச்சிட்ட இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டன. கடைசியாக வீட்டுச் சாவியை எடுத்து, மூலையில் முக்காலி மேல் இருந்த சின்ன ஃபிரிட்ஜைத் திறந்து, பால் பாக்கெட்டின் மேல் வைத்து மூடின.

ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கப் போனபோதுதான் கைகள் நிற்க வேண்டியிருந்தது. நெட்டையான ஒருவன் அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பை மடக்கிக் குனிந்து, ஃபிரிட்ஜின் பக்கத் தகட்டில் காதை ஒட்டி வைத்திருந்தான். தாழ்ந்த சுரங்கள் வாசிக்கும் பாஸ் கிதாரை வயிற்றோடு அணைத்திருந்தான்.

"ஒரு நிமிஷம் அக்கா," என்றான்.

சூடு தாங்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஜன்னலும் கதவும் அடைத்து, சுவரெல்லாம் பழைய மெத்தை கட்டிய அறை. அவன் நகர்ந்ததும் பிளக்கைப் பிடுங்கினாள். அறை அமைதியானது.

சாவியை ஃபிரிட்ஜில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பதிவு நடக்கும்போது ஃபிரிட்ஜ் ஓடினால் அதன் இரைச்சல் மைக்கில் ஏறும். அணைத்துவிட்டால் திரும்பப் போட மறந்துவிடும். இரண்டு முறை பால் திரிந்த பிறகு அவள் இந்த வழியைக் கண்டுபிடித்தாள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. சாவியை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியாது. பிளக் ஞாபகம் வந்துவிடும்.

அவள் வேலை செய்யும் விதம் முழுக்க இப்படித்தான். தெருவில் எல்லோருக்கும் அவள் சவுண்டு அக்கா. ஐம்பத்தொரு வயது. பத்தொன்பது வயதில் மைக் செட் வாடகைக்கு விடும் கடையில் கேபிள் சுருட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். கேபிளை ஒரே பக்கமாகச் சுருட்டினால் உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு ஆறு மாதத்தில் அறுந்துபோகும். ஒரு சுற்று உள்பக்கம், ஒரு சுற்று வெளிப்பக்கம் என்று சுருட்ட வேண்டும். இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அறுந்த கேபிள்களை வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். கெட்டுப்போன எதையும் திறந்து பார்ப்பாள். எங்கே கெட்டது, ஏன் கெட்டது என்று நோட்டில் எழுதுவாள். முப்பத்திரண்டு வருடத்தில் நாற்பத்தி நாலு நோட்டு.

இப்போது கணவரின் முடிதிருத்தும் கடைக்கு மேலே அவளுக்கென்று ஓர் ஒலிப்பதிவு அறை. லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்று சொல்லும் குரலும், போனில் "சற்றுக் காத்திருக்கவும்" என்று கெஞ்சும் குரலும், பார்வையற்ற மாணவர்களுக்கான பாடங்களும் அங்கேதான் பதிவாயின. மேலே பதிவு நடந்தால் கீழே கடையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் டிரிம்மரை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் மின் கம்பி வழியாக அதன் கொரகொரப்பு மேலே ஏறிவிடும். பாதித் தலையோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் கணவர், "மேல லிஃப்டு பேசிட்டு இருக்கு, கொஞ்சம் பொறுங்க," என்பார்.

டிரிம்மரை நிறுத்தலாம். ஜன்னலுக்கு வெளியே கம்பத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரை யார் நிறுத்துவது? அது பகலும் இரவும் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே இருக்கும். மின்சாரம் ஒரு நொடிக்கு ஐம்பது தடவை திசை மாறும்; அதனால் உறுமலும் ஐம்பது, நூறு, நூற்றைம்பது என்ற கணக்கிலேயே வரும். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் ஏழு மாதம் உட்கார்ந்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பெட்டி செய்தாள். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அதை மாட்டினால், அந்தக் கணக்கில் வருவதையெல்லாம் அது வெட்டி எறிந்துவிடும். மின்சாரம் எப்போதும் சரியாக ஐம்பதில் நிற்காது என்பதால் கொஞ்சம் அகலமாகவே வெட்டும்படி செய்திருந்தாள். கணவர் அதற்குக் கத்தரி என்று பெயர் வைத்தார். தன் வாழ்நாளில் செய்தவற்றில் அவள் பெருமைப்பட்ட ஒரே பொருள் அதுதான். வாய்விட்டுச் சொன்னதில்லை. தினம் துணியால் துடைப்பாள்.

அந்த அறைக்கு ராக் குழு ஒன்று வந்தது எப்படி என்றால், பாடகி ஊர்ப் பேருந்தில் ஓட்டுநர். அவளுடைய பஸ்ஸில் "அடுத்த நிறுத்தம்" என்று சொல்லும் குரல், இஞ்சின் சத்தத்துக்கு நடுவிலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கும். இதை எங்கே பதிந்தார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்து வந்து சேர்ந்தாள். கிதார்க்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். டிரம்மர் கூரியர் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவன். பாஸ் வாசிக்கும் நெட்டையன் மீன் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். அந்தக் கிடங்கின் மெஷின் அறையில்தான் நாலு பேரும் ஆறு வருடமாகப் பயிற்சி செய்தார்கள். எவ்வளவு சத்தம் போட்டாலும் மீன் புகார் செய்யாது என்று டிரம்மர் சொன்னான்.

கணவர் அவர்களை முதல் நாளே பிடித்துக்கொண்டார். ஆல்டர்நேட்டிவ் ராக் என்றால் மாற்று ராக் என்று சொல்கிறீர்களே, எதுக்குத் தம்பி மாற்று என்று கேட்டார். "சம்பளம் வர்ற பாட்டுக்கு மாற்று," என்றான் டிரம்மர்.

அவர்களுக்கு இது முதல் ஆல்பம். அவளுக்கும் முதல் ஆல்பம்தான்; அதுவரை அவள் பதிந்த மிக நீளமான இசை பதினெட்டு நொடி, ஒரு பற்பசை விளம்பரம். பத்து நாள் விடுப்பு எடுத்திருந்தார்கள். அதற்குமேல் நெட்டையனுக்கு நாள் இல்லை. சரக்குக் கப்பலில் குளிர்சாதன மெக்கானிக்காக வேலை கிடைத்து, மாதக் கடைசியில் ஏறுவதாக இருந்தது. திரும்பி வர ஒன்பது மாதம். அதற்குள் மற்ற மூன்று பேர் வாழ்க்கையும் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. இப்போது பதிந்தால் உண்டு.

எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்துதான் வாசிப்பார்கள், பாட்டை மட்டும் பிறகு தனியாகப் பாடலாம் என்று ஏற்பாடு. பாஸின் ஸ்பீக்கர் பெட்டி பழையது, டிரான்ஸ்பார்மரோடு போட்டி போட்டு உறுமியது. அதனால் கத்தரியை அதற்கு மாட்டினாள். கத்தரிக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு, ஒரு சமயத்தில் ஒரு மைக்கைத்தான் மாட்டலாம். பாஸ் சத்தம் டிரம் மைக்குகளில் ஒழுகக் கூடாது என்று நடுவில் ஒரு மெத்தையை நிறுத்தினாள். நெட்டையன் வந்து தயங்கி நின்றான். டிரம்மரின் வலது கால் தெரியாவிட்டால் தனக்கு வாசிக்க வராது என்றான். ஒழுகினால் பிறகு பிரிக்க முடியாது என்று அவள் விளக்கினாள். அவன் மறுத்துப் பேசவில்லை, மெத்தைக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வாசித்தான்; ஆறடி மூன்று அங்குல உயரமும் அதற்குப் போதவில்லை. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே மெத்தையை எடுத்துவிட்டாள். நோட்டிலும் எழுதினாள்: 'பாஸ், டிரம் மைக்கில் ஒழுகுகிறது. என் விருப்பம் அல்ல.'

அவர்களுடைய பாட்டு எல்லாம் எங்கெங்கோ அலைந்துவிட்டு ஒரே சுரத்துக்குத் திரும்பி வரும். அந்தச் சுரத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வீடு. "வீட்டுக்கு ரெண்டு தடவை போயிட்டு நிறுத்திடலாம்," என்பாள் பாடகி. மூன்றாம் நாள் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தபோது சவுண்டு அக்காவுக்கு ஒன்று உறுத்தியது. பாட்டு வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் பாஸ் இல்லாமல் போனது. மற்ற இடத்தில் நன்றாகத்தான் இருந்தது. சரியாக வீட்டு வாசலில் ஒரு பள்ளம்.

பாட்டை நிறுத்தி, அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் சொன்னாள். "தம்பி, எல்லாரும் வீட்டுக்குள்ள போறப்ப நீங்க மட்டும் வெளிய நின்னுடுறீங்க. கைய சீக்கிரம் எடுக்காதீங்க."

மறுபடி வாசித்தான். மறுபடி பள்ளம். டிரம்மர் அவனுக்காகப் பேசினான், எங்களுக்கு இங்கே நன்றாகக் கேட்டதே என்று. அதற்கு அவள் சொன்ன பதில் பின்னால் பல நாள் அவள் காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது.

"ரூம் ஏமாத்தும். மைக் ஏமாத்தாது."

அதற்குப் பிறகு நெட்டையன் அந்த ஒரு சுரத்தை மட்டும் பலம் கொண்ட மட்டும் அழுத்தி வாசித்தான். ஆறாம் நாள் ஆள்காட்டி விரலில் தோல் உரிந்தது. பிளாஸ்திரி ஒட்டினால் சத்தம் மந்தமாகிறது என்று அவனே பிய்த்துப் போட்டுவிட்டு வாசித்தான். தினமும் தொடங்குமுன் ஃபிரிட்ஜின் மேல் சாய்ந்து நிற்பது மட்டும் மாறவில்லை. பயந்துபோயிருக்கிறான், நெற்றியை ஆற்றிக்கொள்கிறான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

பத்தாம் நாள் கருவியைப் பையில் போட்டுவிட்டு அவளிடம் வந்தான். "எனக்கு இவ்வளவுதான் வரும் போல அக்கா," என்றான். அவள் மறுத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் சும்மா தலையசைத்தாள். தினமும் மாடிக் கதவில் குனிந்து போகிறவன் அன்று குனிய மறந்து நெற்றியை இடித்துக்கொண்டான். கீழே கணவர் ஐஸ் கட்டி வைத்துவிட்டாராம்.

கப்பல் போய் ஒரு மாதம் கழித்து மற்ற மூன்று பேரையும் சோபாவில் உட்காரவைத்து, ஒன்பது பாட்டையும் போட்டுக் காட்டினாள். அவர்களுக்கே புரிந்துவிட்டது. சுவர் நன்றாக இருந்தது, கூரை நன்றாக இருந்தது, அஸ்திவாரம் இல்லை. வேறொருவரை வைத்து பாஸை மறுபடி வாசித்துவிடலாம் என்று முதலில் சொன்னது அவள்தான். வாடகைக்கு வாசிக்கும் ஒருவரை அவளுக்குத் தெரியும். பாடகி கப்பலுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து வந்த பதிலை அவளே நேரில் வந்து படித்துக் காட்டினாள்: "பாட்டு நல்லா வரணும். என் பேர எடுத்துடுங்க. வாசிக்கிறவர் பேரப் போடுங்க."

படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆறு வருடமாகச் சாவி வாங்கி, மெஷின் அறையைத் திறந்துவிட்டு, குளிரில் கம்பளி போட்டுக்கொண்டு வாசித்தவன், முதல் ஆல்பத்தில் இருக்கப் போவதில்லை. வாடகைக்காரர் சனிக்கிழமை வருவதாக இருந்தது. இசைத்தட்டு அடிக்கும் தொழிற்சாலையில் அவர்களுக்குக் கிடைத்திருந்த நாள் அதற்குப் பதினான்கு நாள் கழித்து.

புதன்கிழமை வாடகைக்காரர் போன் செய்தார். அவருக்கு அனுப்பிய பாட்டைக் கேட்டாராம். பள்ளம் எங்கெங்கே என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால் தயாராகி வருவேன் என்றார். பிறகு, "இது என்னங்க, எந்தச் சுருதியிலயும் சேரல. ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்குது. எதை வச்சு சுருதி சேர்த்தாங்க?" என்று கேட்டார். தெரியாது என்றாள்.

பட்டியல் போட உட்கார்ந்தாள். முதல் பாட்டில் நாற்பத்தியொரு பள்ளம். இரண்டாவதில் முப்பத்தெட்டு. மூன்றாவதின் நடுவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எல்லாமே வீட்டுச் சுரம். வேறு ஒரு சுரத்தில்கூட ஒரு தடவைகூட அவன் தவறவில்லை. கை சோம்பினால் எல்லா இடத்திலும் சோம்பும். ஒரே சுரத்தில் மட்டும், மேல் தந்தியிலும் கீழ்த் தந்தியிலும், மெதுவாகவும் வேகமாகவும், நூறு தடவையில் நூறு தடவையும் தவறும் விரல் உலகத்தில் கிடையாது. அவ்வளவு ஒழுங்காகத் தவறுவது மனிதன் இல்லை. ஏதோ கருவி.

தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தாள். முதல் பாட்டு வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. முனகிக்கொண்டே ஃபிரிட்ஜைத் திறந்தாள். கதவு திறந்த சூட்டில் மோட்டார் ஓடத் தொடங்கியது. முனகல் வீட்டுச் சுரத்துக்கு வந்தபோது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஃபிரிட்ஜின் இரைச்சலுக்குள் அது முழுசாகக் கரைந்துவிட்டது.

கதவை மூடாமல், அதன் பக்கத் தகட்டில் காதை வைத்தாள். அவன் வைத்த அதே இடம், அதே குனிவு.

குளிர்பதனக் கிடங்கின் மெஷின்கள், இந்த ஃபிரிட்ஜ், வெளியே டிரான்ஸ்பார்மர் எல்லாமே ஒரே மின்சாரத்தில் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே உறுமல். அவன் ஆறு வருடமாகக் கம்ப்ரெஸ்ஸரை வைத்துத் தந்தியை முறுக்கியிருக்கிறான். அவனை வைத்து மற்றவர்கள் சுருதி சேர்த்திருக்கிறார்கள். இங்கே கம்ப்ரெஸ்ஸர் இல்லை, அதனால் ஃபிரிட்ஜ். அவர்களுடைய வீடு என்பது அவள் முப்பது வருடமாகப் போர் தொடுத்துக்கொண்டிருந்த அதே சத்தம்.

அதைத்தான் பிஸ்கட் டின் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக, கொஞ்சமும் பிசகாமல் வெட்டி எறிந்திருக்கிறது. பேச்சுக்குரல் ஒரு சுரத்தில் நிற்பதில்லை, அதனால் ஒன்பது வருடமாக யாருக்கும் தெரியவில்லை. சோதித்துப் பார்த்தாள். ஒலி உண்டாக்கும் கருவியை நூறில் வைத்துக் கத்தரி வழியாக அனுப்பினாள். மறுபக்கம் ஒன்றும் வரவில்லை. வேலை சுத்தம்.

வெட்டுப்பட்டது கம்ப்யூட்டருக்குள் போகவே இல்லை. எனவே அங்கே தேடிப் பயனில்லை. அவனோ கடலில். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சாக்பீஸ் வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழு ஆல்பம் முடியும்வரை அழிப்பதில்லை என்பது அவள் வழக்கம். பாஸ் பெட்டியின் நாலு மூலை. அங்கிருந்து டிரம்மரின் வலது தோளுக்கு மேலே தொங்கிய மைக்கின் ஸ்டாண்டு. இரண்டுக்கும் நடுவில் மெத்தை வைத்து எடுத்த இடத்தில் ஒரு கோடு, குறுக்கே அடித்தது.

டிரம் மைக் கத்தரி வழியாகப் போகவில்லை.

அந்த ஒரு மைக்கை மட்டும் போட்டு, டிரம் சத்தத்தின் மேல் பகுதியையெல்லாம் இறக்கி, அடியில் இருப்பதை ஏற்றினாள். தூரத்து அறையில் யாரோ மேஜை நகர்த்துவதுபோல் பாஸ் வந்தது. முதல் பள்ளத்தில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடி ஓடவிட்டாள்.

இருந்தது. நீளமாக, உருண்டையாக, விரல் எடுக்காமல்.

கீழே இறங்கும் படியில் நின்று கணவரைக் கூப்பிட்டாள். அவர் காதில் சீப்பைச் செருகியபடி மேலே வந்தார். தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மனைவி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதை அவர் கடைசியாகப் பார்த்தது மகள் பரீட்சை தேறிய அன்று.

"அந்தப் பையன் வாசிச்சது இருக்கா?"

"இருக்குங்க. எல்லாம் இருக்கு. அவரு ஒழுங்காத்தான் வாசிச்சிருக்காரு. நான்தான்..."

"அப்ப சரி. நான் போய் மிச்சப் பாதிய வெட்டிட்டு வரேன், ஆள் காத்திருக்கு," என்று சொல்லிவிட்டு, போவதற்கு முன் கத்தரிப் பெட்டியை ஒரு தரம் பார்த்தார். "தொழில்ல நமக்கும் எப்பவாச்சும் காது வெட்டுப்படும்மா. பஞ்சு வச்சுக் கட்டுவோம்," என்றார்.

வாடகைக்காரரை வர வேண்டாம் என்று சொன்னாள். மாலையில் மூன்று பேரையும் வரச் சொல்லி, பெட்டியைத் திறந்து காட்டி, எது எப்படி நடந்தது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கிதார்க்காரர், ரூம் ஏமாத்தும்னு சொன்னீங்களே அக்கா என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன் என்றாள். பாடகி மட்டும் எழுந்து போய் ஃபிரிட்ஜில் காதை வைத்துப் பார்த்தாள். பிறகு அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள், அல்லது அழுதாள். முகம் தெரியவில்லை.

கப்பல் அடுத்த நாள் ஒரு துறைமுகத்தில் நின்றது, போன் கிடைத்தது. அவளே பேசினாள்.

"தம்பி, தப்பு உங்க கைல இல்ல. என் பெட்டில. நீங்க ஒரு தடவைகூட கைய எடுக்கல."

அந்தப் பக்கம் இஞ்சின் சத்தத்துக்கு நடுவில் அவன் கேட்டான்.

"நிஜமாவா அக்கா?"

"நிஜமா. கேட்டுட்டுத்தான் பேசறேன். மன்னிச்சுக்கோங்க."

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு," என்றவன், தொடர்ந்து, "ரெண்டு வாரமா கருவிய வெளிய எடுக்கவே இல்லக்கா. எடுத்தாலும் சுருதி சேர்க்க முடியல. கப்பல்ல கரண்ட் வேற, அறுபது. எல்லா மெஷினும் மேல போய் நிக்குது. வீட்டையே காணோம்," என்றான். அவன் சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் வேலைதான். டிரம் மைக்கில் இருந்த பாஸை அப்படியே ஏற்றினால் டிரம்மும் சேர்ந்து வீங்கும். அதனால் பள்ளங்களில் மட்டும், ஒவ்வொரு சுரமாக வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டினாலும் பொருந்தாது, ஏனென்றால் பெட்டியிலிருந்து மைக்குக்கு வந்து சேரச் சத்தத்துக்குக் கொஞ்சம் நேரமாகும். டேப்பை எடுத்து சாக்பீஸ் கோட்டிலிருந்து கோடு வரை அளந்தாள், மைக் தொங்கிய உயரத்தையும் சேர்த்துக்கொண்டாள். நாலு மீட்டர். ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் பன்னிரண்டு பங்கு. ஒவ்வொரு சுரத்தையும் அந்தப் பன்னிரண்டு பங்கு முன்னால் இழுத்து வைத்தாள். எட்டுப் பாட்டில் முந்நூற்று எண்பத்தாறு. மெத்தையை வைத்தே தீருவேன் என்று அன்று அடம் பிடித்திருந்தால் ஒன்றுகூட இருந்திருக்காது என்பது ஒவ்வொன்றுக்கும் ஞாபகம் வந்தது. பத்து நாளில் முடித்தாள்.

ஒன்பதாவது பாட்டு மிச்சம். அதில் டிரம் இல்லை; கிதாரோ எப்போதுமே மைக் இல்லாமல் நேரே கம்ப்யூட்டருக்குள் போனது. வாசிக்காத கருவியின் மைக்கை அணைத்துவைப்பது அவள் பழக்கம், அன்றும் ஒழுங்காக அணைத்திருந்தாள். நல்லவேளையாக அந்தப் பாட்டு கடைசி வரை வீட்டுக்கு வராமலே அலைவது. ஒரே ஒரு முறை, மற்றதெல்லாம் ஓய்ந்த பிறகு, பாஸ் மட்டும் தனியாக வந்து அந்தச் சுரத்தில் நின்று ஆல்பத்தை முடித்துவைக்கும். அந்த இடத்தில் வெறும் அமைதி.

வேறு பாட்டிலிருந்து ஒரு சுரத்தை எடுத்து ஒட்டிப் பார்த்தாள், டிரம்மின் அதிர்வு கூடவே வந்தது. அவனைக் கப்பலில் வாசிக்கச் சொல்லலாமா என்று யோசித்தாள், அங்கே அறுபது. பாடகிக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னாள். பஸ் டெப்போவின் இரைச்சலுக்கு நடுவில் பாடகி, "அந்தச் சுரம் எங்கிருந்து வந்துச்சோ அங்கேயே கேட்டு வாங்குங்களேன் அக்கா," என்றாள்.

சவுண்டு அக்கா தன் மிக நல்ல மைக்கை எடுத்து, ஃபிரிட்ஜின் பக்கத் தகட்டிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தாள். கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். கீழே சிவப்பு விளக்கைப் போட்டாள். சாவி சட்டைப் பையிலேயே இருந்தது, பிளக்கைப் பிடுங்கவில்லை. கத்தரியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, முப்பது வருடமாக விரட்டிய சத்தத்தை இருபத்திரண்டு நொடி, ஆடாமல் அசையாமல் பதிவு செய்தாள்.

பாட்டின் கடைசியில் வைத்துக் கேட்டபோது அவள் எதையும் திருத்தவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு, யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும் ஓடுவதுபோல் இருந்தது. மூன்று பேரும் கேட்டார்கள். போனில் அவனும் கேட்டான். அட்டையில் ஃபிரிட்ஜின் பெயரையும் போட வேண்டும் என்று டிரம்மர் பிடிவாதம் பிடித்தான். கடைசியில் நெட்டையனின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் அது இடம் பிடித்தது.

தொழிற்சாலையின் அலுவலகம் பாடகியின் பஸ் போய்த் திரும்பும் கடைசி நிறுத்தத்துக்கு எதிரில் இருந்தது. கொடுக்க வேண்டிய நாளன்று காலையில், சவுண்டு அக்கா ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றி, பாட்டுகளின் வரிசை எழுதிய தாளோடு உறையில் போட்டு ஒட்டி, கடை வாசலில் நின்றாள். கணவரும் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், கழுத்தில் துணி கட்டிய ஒருவர் ஒரு கன்னத்தில் நுரையோடு என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தார்.

ஒன்பது இருபது பஸ் நாலு நிமிடம் தாமதமாக வந்தது. உள்ளே அவள் பதிந்த குரல், அடுத்த நிறுத்தத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. பாடகி ஓட்டுநர் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள்.

"எல்லாம் இருக்காக்கா?"

"எல்லாரும் இருக்காங்கம்மா."

அக்கா குதிகாலை உயர்த்தி உறையை மேலே நீட்டினாள். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. பாடகி அதைக் கண்டுகொள்ளாமல், ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, உறையை வாங்கிக்கொண்டாள்.